கூல்வென் இறங்கிய படி

கூல்வென் மூன்றாம் மாடியில் இறந்துபோனபோது அவர் மனைவி மரிவோனுக்கு உடனே அழுகை வரவில்லை. இவரை எப்படிக் கீழே கொண்டுபோவது என்ற கவலைதான் முதலில் வந்தது.

த்ரெகியே ஊரின் பழைய தெருவில், ஐந்நூறு வருஷத்து மரச்சட்ட வீடு அது. சுழல்படியில் ஓர் ஆள் இறங்கினால் எதிரே ஏறுபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தபின் இரண்டு வருஷமாக கூல்வென் தெருவை மிதிக்கவில்லை. முற்றத்துப் பக்கம் சின்ன லிஃப்ட் வைக்க மரிவோன் மூன்று முறை மனுப் போட்டாள். பாதுகாக்கப்பட்ட கட்டடம், தொடக் கூடாது என்று மூன்று முறையும் பதில் வந்தது. மூன்றிலும் பழங்கட்டடத் துறை அதிகாரி மதாம் கெர்ஸோவின் கையெழுத்து.

சவ அடக்கம் செய்ய வந்தவர் படியை அளந்து பார்த்துத் தலையாட்டினார். "பெட்டி திரும்பாதும்மா. சன்னல் வழியா கயிறு கட்டித்தான் இறக்கணும். ஆனா சன்னல் நடுவுல நிக்கிற அந்தத் தூணைக் கழட்டணுமே."

புனிதர் உருவம் செதுக்கிய மரத்தூண் அது; அதைத் தொடவும் அனுமதி வேண்டும். கூல்வென்னின் தம்பி புதோக் கொதித்துப்போனான். "ரம்பத்தை எடுத்துட்டு வர்றேன் அண்ணி! எவன் கேக்குறான்னு பாப்போம்."

"முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடு" என்றாள் மரிவோன்.

கால்மணி நேரத்தில் கெர்ஸோ மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். கட்டிலைப் பார்த்துத் தலை குனிந்தாள். பிறகு சன்னல் தூணைத் தடவிப் பார்த்தாள். "ஆப்பு வச்சுத்தான் சேத்திருக்காங்க. கழட்டிட்டு நாளைக்கு மாட்டிரலாம். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"செத்தவருக்குக் கால்மணி நேரத்துல அனுமதி" என்றாள் மரிவோன், குரலை உயர்த்தாமல். "உசிரோட இருந்தப்ப ரெண்டு வருஷமா கிடைக்கல."

கெர்ஸோ பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"சன்னல் வேணாம். மூட்டை மாதிரி தொங்கவிட்டு, தெருவே நின்னு வேடிக்கை பாக்க வேணாம். படியிலேயே இறங்கட்டும், பெட்டி கீழ இருக்கட்டும். கால்பக்கம் நீங்க பிடிங்க" என்றாள் மரிவோன்.

போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். தலைப்பக்கம் புதோக்கும் அடக்கத்துக்காரரும் மேலே நின்றார்கள். கெர்ஸோ பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். மரிவோன் விளக்கோடு முன்னால் போய், "இங்க தேஞ்சிருக்கு, காலை ஊனிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாம் வளைவில் பாரமெல்லாம் கெர்ஸோமேல் சாய்ந்தது. படியோரக் கல்சுவரில் விரல்முட்டிகள் உரசித் தோல் கிழிந்தது. அவள் பிடியை விடவில்லை. கீழே பெட்டியில் கிடத்தியபோதுதான் மரிவோன் உடைந்து அழுதாள்.

அடக்கம் முடிந்து காப்பிக்கடையில் எல்லோரும் கூடியபோது கெர்ஸோ வாசலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். மரிவோன் எழுந்துபோய் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"கை எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும்" என்றாள் மரிவோன். பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, கோப்பையில் காப்பி ஊற்றினாள்.