இடது நீலம், வலது நீலம்

என் கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு நீலச் சதுரங்கள் இருந்தன. தம்பிக்கு இடதுதான் வேண்டும். அவன் மனைவிக்கு வலது. எது என்று முடிவானால் பெயிண்டர் வருவார், நான் போக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் விடுதியில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஓர் அறைக்கு நான்கு கட்டில். ஜன்னலோரக் கட்டில்களில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

நான் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்தபோது, "கொஞ்ச நாள் எங்ககூட இரேன்க்கா" என்று தம்பிதான் கூட்டி வந்தான். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது அவன் மனைவிக்கு இந்த அறை வேண்டுமாம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் பேர் தெரியாதவர்களுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கிறாள். பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிற காரியத்தை ஆள் வைத்துக் கற்றுக்கொள்ள ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அவள் முதுகுக்குப் பின்னால் நீலம் தெரிய வேண்டும். அதுவும் ஏதோ ஒரு நீலம் போதாது.

கடையிலிருந்து இரண்டு சின்ன மாதிரி டப்பாக்கள் வாங்கி வந்தாள். ஒன்றின் மேல் 'விடியல் மௌனம்' என்று எழுதியிருந்தது, மற்றதன் மேல் 'தூரத்துக் கடல்'. பெயர் வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும். "நீங்க சும்மாதானே இருக்கீங்க அண்ணி, ரெண்டையும் சுவத்துல கொஞ்சம் பூசி வைங்களேன்" என்று பிரஷ்ஷைக் கையில் திணித்துவிட்டு வெளியே போனாள். என்னை அனுப்புகிற வேலையை என் கையாலேயே செய்யச் சொல்கிறோமே என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

விடியல் மௌனம் திறந்தது. தூரத்துக் கடல் திறக்கவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினேன், காம்புதான் வளைந்தது. வந்த எரிச்சலில் முதல் டப்பாவிலிருந்தே இரண்டு சதுரத்தையும் பூசினேன். திறக்காத டப்பாவைக் கொண்டுபோய் பால்கனியில் துடைப்பத்துக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

சொல்ல விட்டால்தானே. அவள் வந்தாள், தலையைச் சாய்த்தாள், ஒரு கண்ணை மூடினாள்.

"வலது என்ன குளிர்ச்சியா இருக்கு! இடது ஒரு மாதிரி அழுக்கா இருக்கு, பாருங்க."

தம்பி மூக்கு சுவரில் உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "இல்ல, இடதுலதான் ஒரு ஆழம் இருக்கு" என்றான்.

என் வாய் தானாக மூடிக்கொண்டது. இதுகள் அடித்துக்கொள்ளும் வரை அறை எனக்கு. இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் வாய் சாப்பிட மட்டும்தான் திறக்கும். அவன் சட்டையை அவள் எடுப்பாள், சோபாவை அவள் எடுப்பாள், லீவுக்கு எங்கே போகிறோம் என்பதே அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். "அங்க உங்க வயசுல நல்ல துணை இருக்கும் அண்ணி" என்று அவள் விடுதிப் பேச்சை எடுத்தபோது அவன் செல்போனைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இன்னும் அழுத்தித் துடைத்தான்.

அப்படிப்பட்ட ஊமைக்கோட்டான் ஒரு சதுர நீலத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றான்! பல்பை மாற்றிப் பார்த்தான். திரைச்சீலையைக் கழற்றிப் பார்த்தான். மழை நாளில் பார்க்காமல் முடிவு செய்யவே கூடாது என்று சட்டம் பேசினான். மழை வந்தது. உடனே, நல்ல வெயிலில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றான். அக்காவுக்காகத் திறக்காத வாய் சுவருக்காகத் திறக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. இவனையா இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் அவள் பொறுமை போய்விட்டது. பெயிண்டரை வரவழைத்தாள். கூடவே, தன்னிடம் மூச்சு கற்றுக்கொள்ளும் சிநேகிதியையும். எல்லோரும் என் அறையில் வந்து நின்றார்கள். நான் கட்டில் ஓரத்தில், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். சிநேகிதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இடது பக்கம் பார்த்தாலே எனக்குப் படபடன்னு வருது" என்றாள். பெயிண்டர் "வலதுதான் மேடம்" என்றார். தம்பி முறைத்ததும், "இடதும் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

"உங்க நாத்தனாரையும் ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றாள் சிநேகிதி.

"அவங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடாது" என்றாள் தம்பி மனைவி, நான் அங்கே இல்லாத மாதிரி. "நீலம்னா நீலம்தானேம்பாங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இதுகள் மேல் இருந்த இளக்காரம் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே டப்பா" என்றேன். "இன்னொண்ணு மூடியே திறக்கல. பால்கனியில கிடக்கு, வேணும்னா போய்ப் பாருங்க. இவ்வளவு நாளா ஒரே பெயிண்ட்டைப் பார்த்துத்தான் குளிர்ச்சி, ஆழம், படபடப்புன்னு உயிரை வாங்கிட்டிருக்கீங்க."

பெயிண்டர் இருமுகிற சாக்கில் சிரித்தார். சிநேகிதி நெஞ்சிலிருந்து கையை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். தம்பி மனைவியின் முகம் காதுவரை சிவந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. மூச்சை இழுத்தாள், விட்டாள். "அப்போ நல்லதாப் போச்சு, சண்டையே இல்ல. இதையே அடிச்சிடுங்க. திங்கட்கிழமை வந்துடுங்க" என்றாள். பெயிண்டர் தலையாட்டினார். மூன்று பேரும் கூடத்துக்குப் போனார்கள்.

தம்பி மட்டும் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த டப்பா திறக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அவ வர்றதுக்கு முன்னாடியே பால்கனியில பார்த்துட்டேன். எவ்வளவு நாள் முடியுமோ இழுத்துப் பார்க்கலாம்னு இருந்தேன். ஏன்க்கா வாயை விட்ட?"



"அக்கா எங்கயும் போக மாட்டான்னு அவகிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு வழி இருப்பது இப்போதுதான் தெரிந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். அதற்குள் அவள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்" என்று ஓடினான்.

கோழைப் பயல் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டும்போதே அழுகை முட்டியது. அவனிடம் இருந்த தைரியம் மொத்தமும் அந்த இடது சதுரம்தான். அதைத்தான் நான் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்திருந்தேன்.