ஈய வயிற்று மீன்

ஏரியில் இருந்த பெரிய மீன் வாயைத் திறந்தபோதெல்லாம் கரையோரத் தெருக்களின் கதவுகள் அத்தனையும் ஏரிப்பக்கமாகத் திறந்துகொண்டன. தாழ்ப்பாள் போட்டிருந்தால் தாழ்ப்பாள் தானாக விலகியது. பூட்டியிருந்தால் பூட்டு வாய்பிளந்து தொங்கியது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு கீல் முறிந்து வெளிப்பக்கம் சாய்ந்தது, அதனால் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லி ஏரியைப் பார்த்துத் திறக்கும்படி கதவு வைத்துக்கொண்டார்கள். குளிக்கிறவர்கள் துண்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்கள். திருட்டுப் பயம் அதிகமில்லை, திருடன் வீட்டுக் கதவும் அதே நேரத்தில் திறந்துதான் கிடக்கும். மீன் எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் ஊருக்குள் ஒத்த கருத்து இருந்ததில்லை. லாரி அளவு என்று சிலரும், லாரியையும் அதன் பின்னால் இன்னொரு லாரியையும் சேர்த்த அளவு என்று சிலரும் சொன்னார்கள். அது ஏரியின் ஆழத்தில், தண்ணீர் வருவதற்கு முன்பு காடாக இருந்த இடத்தில், மூழ்கிய மரங்களுக்கு நடுவே கிடந்தது.

பல்செட்டுக்காரி என்று ஊரில் அழைக்கப்பட்ட பெண்ணின் வீடு கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, முன்னறையில் உட்கார்ந்து, சுண்ணமாவு குழைத்து, மெழுகில் ஈறு செதுக்கி, பொய்ப்பற்கள் செய்வது அவள் தொழில். கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த நாள்களைவிடப் போனில் இருந்த நாள்களே அதிகம். மாமனாரைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவர் பாலம் வரும்வரை ஏரியில் பரிசல் தள்ளியவர். பாலம் வந்து பல வருஷம் கழித்து அவருக்கு நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கிழமை போயிற்று, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர், பிறகு சொந்த மகனின் முகம். யாராவது கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும் என்பது மட்டும் போகவில்லை. கதவு திறந்துகொண்டால் போதும், "அக்கரையில ஆள் நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்பிவிடுவார். நேராகப் போய்த் தண்ணீரில் இறங்குவார்.

தினமும் யாராவது பார்த்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை. பல்செட்டுக்காரி அச்சில் ஊற்றச் சுண்ணமாவைக் கையால் வழித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கழுத்தளவு தண்ணீரில், முகத்தில் ஒரு கலவரமும் இல்லாமல், இல்லாத கழியை இரண்டு கையாலும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த அடியில் பள்ளம். ஓடிய நேரத்துக்குள் அவள் கைகளில் இருந்த மாவு இறுகிவிட்டது. விரல்களை மடக்க முடியவில்லை. கல்லாகிப்போன இரண்டு வெள்ளைக் கைகளை அவருடைய அக்குளுக்குள் கொடுத்து, பின்பக்கமாக நடந்து நடந்து அவரைக் கரைக்கு இழுத்து வந்தாள். கரையில் அவர் அவளைப் பார்த்து, "நீங்க எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்து சுத்தியால் தட்டித் தட்டி அந்த மாவை உடைத்தாள். நாத்தனார் பெரிய சாலையில் டயர்க்கடை வைத்திருந்தாள். லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றுகிறவள், அண்ணனைவிட அண்ணியோடுதான் அதிகம் பேசுவாள்.

"அந்த மீனைப் பிடிச்சிடணும்" என்றாள் பல்செட்டுக்காரி.

"எதை வெச்சுப் பிடிப்பீங்க அண்ணி? வலையெல்லாம் அதுக்கு நூலாம்படை மாதிரி."

"பொய்ப்பல் செய்யத் தெரியுது. பொய்மீன் செய்யத் தெரியாதா?"

மரத்தில் மீன் மாதிரி செதுக்கி, கொக்கி மாட்டி, தண்ணீரில் இழுத்துப் போனால், உயிருள்ள இரை என்று நம்பிப் பெரிய மீன் கவ்வும். இது எல்லாத் தூண்டில்காரர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். கடையில் விற்பவை விரல் நீளம். ஏரி மீனின் கண்ணுக்கு அது தூசி. அதனால் அவள் மேசைக்காலில் தொடங்கினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் செதுக்கி, முகவாயில் தகரத்தில் ஒரு உதடு வைத்தாள். இழுக்கும்போது தண்ணீர் அந்த உதட்டில் மோதி உடம்பு இப்படியும் அப்படியும் ஆடவேண்டும். ஆடியது. ஆனால் மூழ்கவில்லை. மேலேயே துள்ளிக்கொண்டு வந்தது. கனம் வேண்டும் என்று தெரிந்தது. நாத்தனார் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. சக்கரம் அதிராமல் ஓடுவதற்காக விளிம்பில் பொருத்துகிற ஈயத் துண்டுகள் பழசாகிக் கழன்று டப்பா டப்பாவாகக் கிடந்தன. கொல்லைப்புறத்தில் இரும்புச் சட்டியில் அவற்றை உருக்கி, மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்துவிட்டு, மரத்தின் வயிற்றில் குடைந்த குழிகளில் ஊற்றினார்கள். குழியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் சீறிக்கொண்டு வெளியே தெறிக்கும். அப்படித்தான் நாத்தனாரின் இடது புருவம் பாதி போயிற்று. "மிச்சத்தையும் எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணா இருக்கும்" என்று அவள் சொன்னாள், ஆனால் எடுக்கவில்லை.

இரண்டாவது மீன் தொடை நீளம். கழுத்தில் ஈயம் கூடிப்போய்த் தலைகீழாக நீந்தியது. மூன்றாவதை மூழ்கிய மரங்களில் இருந்த வேறு ஏதோ ஒன்று கடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு மூக்கிலிருந்து வால்வரை உடம்புக்குள்ளேயே தடித்த எஃகுக் கம்பி ஓடவிட்டார்கள், மரம் பிளந்தாலும் கம்பி விடாது. ஒன்றைவிட ஒன்று பெரிதாக, ஒன்றைவிட ஒன்று கனமாகச் செய்து, மோட்டார் என்பவரின் படகில் கட்டி ஏரி முழுக்க இழுத்தார்கள். மோட்டாருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவருடைய படகின் மோட்டார் பெரும்பாலும் ஓடாது. ஓடிய நாள்களிலும் மீன் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுகள் வழக்கம்போலத் திறந்தன. மாமனாரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைக்கும்படி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பல்செட்டுக்காரி ஒரு நாள் கட்டிப் பார்த்தாள். அவர் கட்டை அவிழ்க்க முயலவில்லை, ஏரிப்பக்கம் பார்த்து, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அதற்குப் பிறகு அவள் கட்டவில்லை.

கடைசிப் பொய்மீனுக்கு இடித்த தானியக் கிடங்கின் உத்திரம் கிடைத்தது. மாமனார் காலை நீட்டிப் படுத்தால் என்ன நீளமோ அதே நீளம். உடம்பை இரண்டாக அறுத்து நடுவில் வளையம் மாட்டி, வால் தனியாக அசையும்படி வைத்தாள். வெங்காயம் வரும் வலைப்பையை இழுத்துப் போர்த்தி அதன்மேல் வெள்ளிச் சாயம் அடித்தாள். பையை உரித்தபோது உடம்பெல்லாம் செதில். வாயின் உட்புறத்துக்கு ஈறு செய்யும் இளஞ்சிவப்புக் குழைவையே பூசினாள். கொல்லர் கட்டடக் கம்பியை வளைத்து மும்முனைக் கொக்கிகள் செய்து கொடுத்தார். வயிற்றில் ஊற்றிய ஈயத்துக்குக் கடை டப்பாக்கள் எல்லாம் காலியாயின. கண் மட்டும்தான் மிச்சம். முந்தைய மீன்களுக்கெல்லாம் முறைக்கிற கண் வைத்திருந்தாள். இதற்குக் கண் எழுதும்போது மாமனார் எதிரே உட்கார்ந்து, இது யார் வீடு, தான் இங்கே எப்படி வந்தோம் என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரிகையிலிருந்து நிமிரும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது அந்த முகம்தான். எழுதி முடித்துப் பார்த்தபோது மீனின் கண்ணில் அதே பார்வை வந்து உட்கார்ந்திருந்தது. நாத்தனார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா மாதிரியே முழிக்குது" என்றாள். மாற்றி எழுத இருவருக்கும் மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்த ஒரு பிற்பகலில் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் படகுத்துறைக்குக் கொண்டுபோய் நான்கு பேர் சேர்ந்து தண்ணீரில் இறக்கினார்கள். தனியே விடப் பயந்து மாமனாரையும் படகில் ஏற்றிக்கொண்டாள். படகின் மோட்டார் முதல் இழுப்பிலேயே ஓடியது. அதுவே அன்றைய தினத்தின் முதல் அதிசயம் என்று படகுக்காரர் பிற்பாடு சொல்வார். பொய்மீன் ஈயத்தின் கனத்தில் இறங்கி, வாலை மெல்ல வீசிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போயிற்று. ஏரியின் நடுவில் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் மேக நிழல் என்று நினைத்தார்கள். வானத்தில் மேகம் இல்லை. நிழல் படகைவிடப் பெரிதாகி, துறையைவிடப் பெரிதாகி, அதற்குள் ஒரு கண் தெரிந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வட்டமாகத் தெரிகிற வானம்போல இருந்தது அந்தக் கண். மோட்டார் தானாக நின்றது. மீன் வாயைத் திறந்தது. ஊர்ப்பக்கம் கதவுகள் திறக்கும் சத்தம், ஓட்டின்மேல் மழை வருவதுபோலத் தெருத்தெருவாகக் கேட்டது. பிறகு அது பொய்மீனைக் கவ்வியது. கவ்வியது என்றுகூடச் சொல்லமுடியாது. பூனை குட்டியைத் தூக்குவதுபோல மெதுவாக வாய்க்குள் எடுத்துக்கொண்டு மூடிக்கொண்டது. இழுக்கவில்லை. துள்ளவில்லை. கொக்கி எங்கேயும் ஏறவில்லை. கயிறு தொய்ந்து கிடந்தது.

"இப்ப இழுத்தா ஏறிடும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

பல்செட்டுக்காரி கயிற்றைக் கையில் பிடித்தபடி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டித் துண்டு போடுவதற்காகக் கொண்டுவந்த கோடரி காலடியில் கிடந்தது. அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைத் தண்ணீரில் விட்டாள். மீன் அமைதியாகக் கீழே போயிற்று. தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு கதவுகள் திறக்கவில்லை. மழைக்காலம் போயிற்று, கோடை வந்தது, தாழ்ப்பாள்கள் போட்டது போட்டபடி இருந்தன. ஊர்க்காரர்கள் பல்செட்டுக்காரியைப் பார்த்தால் வழிவிட்டு நின்றார்கள். மாமனார் ஒருமுறைகூடத் தண்ணீருக்குப் போகவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்தது. நாற்காலியைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி, "இன்னிக்கு யாருமே இல்லையா?" என்று மணிக்கொரு தரம் கேட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அத்தனை ஈயத்தையும் உருக்கினாள், இப்போது அவர் வீட்டுக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவள் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, தானே கதவைத் திறந்து, "மாமா, அக்கரையில ஆள் நிக்குது, வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் உடனே எழுந்தார். துறைவரை கைபிடித்துக் கூட்டிப்போய், கொஞ்ச நேரம் உட்காரவைத்து, திருப்பிக் கூட்டிவந்தாள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். அதிலிருந்து அது தினசரி வழக்கமாயிற்று.

மீனும் அந்த மாதங்களில் மெலிந்துபோயிற்று. மேலே வரும்போது அதன் விலா எலும்புகள் தண்ணீருக்குள் ஏணிகள்போலத் தெரிந்தன. தொண்டையில் கொக்கி மாட்டிச் சாகப்போகிறது என்றார்கள். மோட்டார்தான் வேறு மாதிரி சொன்னார். "அது ஒண்ணும் திங்காதுங்க. வாயில குஞ்சு வெச்சிருக்கு. சில மீனு அப்படித்தான், குஞ்சு பெருசாகற வரைக்கும் பட்டினி கிடக்கும்." அன்றிலிருந்து துறையில் மாமனாரோடு உட்காரும்போது பல்செட்டுக்காரி இடுப்பில் குறடு ஒன்றைச் செருகிக்கொண்டு போவதை நாத்தனார் கவனித்தாள்.

அந்த வருஷம் முடிவதற்குள், நல்ல வெளிச்சமுள்ள ஒரு காலைநேரத்தில், ஊரில் இருந்த எல்லாக் கதவுகளும் ஒரே வீச்சில் திறந்தன. வீட்டுக் கதவுகள் மட்டுமல்ல, அலமாரிகள், பீரோக்கள், பேருந்தின் கதவு, ஜன்னல்கள், பேனா மூடிகள்கூட. யாரும் மூடவில்லை. எல்லோரும் கரைக்குப் போனார்கள். பல்செட்டுக்காரியும் மாமனாரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பெரிய மீன் துறைக்கு அருகே, அதுவரை வராத ஆழமற்ற தண்ணீருக்கு வந்து, தலையை மேலே தூக்கி, வாயை முழுவதுமாகத் திறந்து வைத்திருந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, பெரிய கூடம்போல இருந்தது. அதற்குள்ளிருந்து மரமீன் வெளியே வந்தது. யாரும் இழுக்கவில்லை, கயிறு எப்போதோ மக்கிப் போயிருந்தது. அது தன் வாலைத் தானே வீசிக்கொண்டு, ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, நீந்தியது. செவுள்கள் திறந்து மூடின. அவள் அதற்குச் செவுளை வெறும் கோடாகத்தான் கீறியிருந்தாள். கரையில் இருந்தவர்கள் கூட்டமாக ஒரு மூச்சு வாங்கினார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

மாமனார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "உன்னோடதாம்மா?"

"ஆமா மாமா."

"கொக்கி தொங்குதே. போய்க் கழட்டிவிடு. பாவம், எங்கயாச்சும் மாட்டிக்கும்."

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். மரமீன் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. இடது கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்தாள். கனம் அப்படியே இருந்தது. ஈயம் ஊற்றிய இடத்தில் ஏதோ துடித்தது. சீராக, நிதானமாக, உள்ளங்கையில் வந்து வந்து இடித்தது. அவள் அழுதுகொண்டே கொக்கி மாட்டிய வளையங்களை ஒவ்வொன்றாகக் குறடால் வெட்டிக் கொக்கிகளை உருவினாள். பெரிய மீன் ஒரு கை தூரத்தில் நின்று, அந்தக் கிணற்றுக் கண்ணால் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் கொக்கி கழன்றதும் இரண்டும் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்துக்குப் போயின. கரையில் நாத்தனார், "வயிறு காலியா இருக்கும், நல்லா சாப்பிடட்டும்" என்று பெரிய மீனைப் பார்த்துச் சொன்னாள், விருந்தாளியை வழியனுப்புவதுபோல.

மாமனார் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். கதவு திறக்கும் நாளில் கதவு வழியாகவும், திறக்காத நாளில் மருமகள் திறந்துவிட்ட கதவு வழியாகவும் துறைக்குப் போய்வந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு படுத்தவர், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மரமீனைப் படகுக்காரர்கள் அடிக்கடி பார்த்தார்கள். சாயம் மங்கவில்லை என்றும், முன்னைவிட நீளம் கூடியிருக்கிறது என்றும் சொன்னார்கள். பிறகு சின்னது சின்னதாக அதே மாதிரி மீன்கள் தென்பட்டன. செதிலுக்கடியில் மரத்தின் ரேகை ஓடும், பார்வையில் வழி தவறியவர்களின் சாயல் இருக்கும். இப்போது அந்த ஏரியில் வலை இழுக்கிறவர்கள் மீனைக் கூடையில் போடுவதற்கு முன்பு விரல்முட்டியால் அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். மரச்சத்தம் வந்தால் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டு, அடுத்ததை எடுப்பார்கள்.