ஜானகி, ரேவதி நட்சத்திரம்

தொண்ணூற்றாறு டிசம்பரில் எங்கள் குடியிருப்புச் சங்கச் சுற்றுலாவுக்கு நான் பெயர் கொடுத்தது, என் மனைவி ஜானு கேட்ட படகுச் சவாரிக்காக. முப்பத்தோரு வருஷம் கேட்டாள். "உப்புத் தண்ணியைச் சுத்தறதுக்குக் காசா?" என்று முப்பத்தோரு வருஷமும் அவள் வாயை அடைத்தேன். அவள் செத்து இரண்டு வருஷம் கழித்துக் கிளம்புகிறேன். மகா புத்திசாலி.

முட்டுக்காட்டில் எல்லோரும் ஜோடி ஜோடியாக மிதிபடகில் ஏறினார்கள். படகுக்காரர் என்னைப் பார்த்து, "ஒண்டியா போவ முடியாது சார். கூட யாரும் இல்லியா?" என்றார். பிறகு அவரே என்னைத் துடுப்புப் படகில் உட்காரவைத்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டினார். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு என் மீதே கோபம் கோபமாக வந்தது.

திரும்பும் வழியில் சாந்தோம் சர்ச். மயிலாப்பூரிலேயே பிறந்தும் உள்ளே போனதில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தேன். ஓரத்தில் மேஜை போட்டு ஓர் அம்மாள் மாலைப் பூசைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அர்ச்சனைச் சீட்டு மாதிரி என்று நானும் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் வாய் தானாக ஓடியது.

"ஜானகி, ரேவதி நட்சத்திரம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தை மாதம் கபாலி கோயிலிலும் இப்படித்தான் உளறினேன். எங்களை நன்றாகத் தெரிந்த குருக்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, மாமி பேருக்கு இனிமே பண்ணப்படாது" என்றார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், அவர்மேல் தப்பில்லை. அதற்கப்புறம் நான் கோயில் பக்கமே போகவில்லை.

அந்த அம்மாள் நிமிர்ந்து, "உயிரோட இருக்கறவங்களா, இறந்தவங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் உண்டா?"

"உண்டு சார்."

"இறந்தவாதான்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

சங்கச் செயலாளர் சுவாமிநாதன் வந்து, "வேன் கிளம்பறது, வாங்கோ" என்று கையைப் பிடித்தார்.

"நீங்க போங்கோ. ஆத்துல எனக்காக யாரும் காத்துண்டு இல்லே."

ஆறு மணிக்குப் பூசை தொடங்கியது. பெயர்களை வாசித்துக்கொண்டு வந்த பாதிரியார் ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கினார். அந்த அம்மாள் நான் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறார்.

"ஜானகி, ரேவதி நட்சத்திரம்... ஆன்ம இளைப்பாற்றிக்காக."

சர்ச் மொத்தமும் அவளுக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தது. பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். கன்னம் ஈரமாக இருந்தது.