மூன்றாவது பட்டன்

எங்கள் நிறுவனம் இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கிறது. பக்கங்களைச் செய்பவன் ஷாகிர். அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதிக்கும் புரோகிராம் என்னுடையது. பக்கத்தில் மேலிருந்து மூன்றாவது பட்டனை அது அழுத்தும். அதுதான் 'பதிவு செய்'.

திருவிழா வந்தால் முதலாளிக்குப் பக்கத்தின் உச்சியில் வாழ்த்து பேனர் கட்டியாக வேண்டும். பேனருக்கென்று ஒரு 'மூடு' பட்டன் உண்டு. உடனே மூன்றாவது நான்காவதாகிவிடும், என் சோதனை தோற்றுவிடும். சித்திரைக்கும் தோற்றது, பக்ரீதுக்கும் தோற்றது, தெப்பத்துக்கும் தோற்றது. எண்ணை மாற்றி மாற்றிச் சலித்துப்போனேன்.

"ஷாகிர், பக்கத்தோட கோடிங்ல அந்தப் பட்டனுக்கு ஒரு பேரு வையிப்பா. நீ எங்க நகத்துனாலும் பேரை வச்சுப் பிடிச்சிருவேன்."

"இம்புட்டுத்தானா ஜோதிக்கா? இப்பவே வச்சிர்றேன்."

அன்றே வைத்தான்; நானும் எண்ணை எடுத்துவிட்டு அந்தப் பெயரைத் தேடும்படி என் புரோகிராமை மாற்றினேன். அடுத்த சித்திரைக்குப் பேனர் ஏறியது. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சோதனை தோற்றிருந்தது. பக்கத்தின் கோடிங்கைத் திறந்தேன். பேனரின் 'மூடு' உட்பட எல்லாப் பட்டனுக்கும் ஒரே பெயர்.

"என்னப்பா இது?"

"ஒவ்வொண்ணுக்கா வந்து கேப்பீங்கன்னு, பேனர் ஏத்தும்போதே எல்லாத்துக்கும் அதையே வச்சுட்டேங்க்கா."

அவன் முகத்தில் அம்புட்டுப் பெருமை. என் புரோகிராமைத் திறந்து, பழையபடி, 'நான்காவது' என்று எழுதினேன்.