பானட் சூடு ஆறும்வரை

...தொட்டுவிட்டாள், அவ்வளவுதான், எண்ணூர் வரை போய்த் திரும்பி நான் காலையில் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கை பட்டதில் போச்சு. வண்டி வாங்க மற்றவர்கள் வந்தால் கதவைத் திறப்பார்கள், சீட்டைத் தட்டுவார்கள், டயரை உதைப்பார்கள், இந்தத் தாஹிரா மட்டும் வந்ததும் வராததுமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பானட்டில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. "சூடா கீதேண்ணா, எங்கனா போய்ட்டு வந்தீங்களா?" பால் வாங்க என்றேன். பால் வாங்க எவனாவது டர்போ காரில் போவானா, கடை தெருமுனையில்தான் இருக்கிறது, அவள் நிற்கும் இடத்திலிருந்தே தெரிகிறது, பொய் சொல்லக்கூட ஒரு லட்சணம் வேண்டாமா எனக்கு... "அப்ப ஆறட்டும். ஆறுனப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம், நமக்கு இன்னா அவசரம்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் தமீமுக்கு முகமே செத்துவிட்டது. "இன்னா தாஹிரா நீ, அசோகன் வண்டியப் போய் செக் பண்ணிகினு... நம்மாளு இவன்." நம்மாளு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பனியனுக்குள் வேர்த்தது எனக்கு. மணி ஒன்பதே கால்.

ஆறினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நீலப் புகை. டர்போவுக்குள்ளே சீல் தேய்ந்துபோய்விட்டது, வண்டி சும்மா நிற்கும்போது ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து தேங்கும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருகினால் அத்தனையும் எரிந்து பின்னால் கொட்டும், சூடாக இருந்தால் நல்ல பிள்ளையாக ஓடும். ராத்திரி முழுக்க நின்றால் கட்டாயம் வரும், இரண்டு மணி நேரத்துக்கு வருமா? போன வாரம் வந்தது, அதற்கு முந்தின வாரம் வரவில்லை, கெட்டி ஆயிலாக வேறு ஊற்றி வைத்திருக்கிறேன், தாங்கும்... தாங்காது... கிழிந்த ஹோஸை மாற்றினேன், கிளட்சை மாற்றினேன், முன்னால் வைத்திருந்தவன் வேகத்துக்கு ஆசைப்பட்டு அதன் கம்ப்யூட்டரில் செய்த கோளாறையும் சரிபண்ணினேன், டர்போவில் மட்டும் கை வைக்கவில்லை. "மாத்திடு, இல்லாங்காட்டி ஒரு நாளு ரோட்டுல எஞ்சினே பூடும்" என்று டோல்கேட் மெக்கானிக் சொல்லி நாலு மாசமாகிறது. மாதவரத்தில் எனக்கு விற்றவனும் சூடாக்கித்தான் காட்டினான். நான் பானட்டையா தொட்டேன், பாட்டுப் பெட்டியைத் தொட்டேன், சத்தம் ஏற்றினேன், மயங்கினேன். அவனைத் திட்டாத நாள் இல்லை, வாய்க்கு வந்தபடி. ஆனால் ஹார்பரில் எல்லாரிடமும் அடிச்சேன் பாரு லாட்டரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். அதைக் கேட்டுத்தானே தமீம் ஆசைப்பட்டான், எப்பனா வித்தா என்னாண்ட சொல்லு மாமு என்று.

இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைத் திருப்புகிறான், சீட்டை முன்னே தள்ளுகிறான், பின்னே தள்ளுகிறான், நாற்பத்தாறு வயசு ஆளுக்கு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. யார்டில் நான் மேலே கிரேன் கேபினில், அவன் கீழே வாக்கிடாக்கியோடு, வா வா வா நில்லு என்று அவன் சொல்லும் குரலுக்கு முப்பது டன் கண்டெய்னர் பெட்டியை இறக்குவேன், பதினொரு வருசம், தலைக்கு மேலே பெட்டி தொங்கும்போது ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை அவன். "நவ்ரீனை வேலூர் காலேஜுல வுட்டுட்டு வர்றதுக்கு இதுல போனா எப்டி இருக்கும், சொல்லு!" என்று கத்துகிறான். சூப்பரா இருக்கும் என்றேன். நவ்ரீன்... பின்சீட்டில் அவன் பெண் உட்கார்ந்திருக்கும், ஹைவேயில் நூற்றிருபதில் போகும்போது டர்போ உடைந்தால், பின்னால் லாரி வந்தால்... ஐயோ, வேண்டாம், நினைக்காதே. ஆனால் நினைக்காமல் இருந்தால் மட்டும் உடையாமல் இருந்துவிடுமா?

தாஹிரா எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயார், சர்வீஸ் ரசீதெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். அவளோ எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தண்டையார்பேட்டையில் அவள் அப்பாவுக்கு லாரிப் பட்டறை இருந்தது, அவள் தங்கை கல்யாணத்துக்குப் போனபோதே பார்த்தேனே, அது எப்படி எனக்கு மறந்தது? என் மனைவி அன்புக்கரசி டீ கொண்டுவந்தாள், தாஹிரா இடது கையால் வாங்கிக்கொண்டாள். மணி பத்தரை. வெயில் பானட்டின் மேல் வந்துவிட்டால் சூடு ஆறாது என்று ஒரு அற்ப ஆசை, வேப்பமரம் அதையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. திடீரென்று கேட்டாள், "ஓட்டிட்டு வந்து நிறுத்துனா உடனே ஆஃப் பண்ணிடுவீங்களா, கொஞ்ச நேரம் ஓடவுட்டு நிறுத்துவீங்களாண்ணா?" ஓடவுட்டுதான் நிறுத்துவேன், ஒரு நிமிசமாவது, என்றேன். காலையிலிருந்து நான் சொன்ன ஒரே உண்மை, ஓடிய சூட்டோடு சட்டென்று நிறுத்தினால் டர்போ கெடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். "அப்ப உங்க மேல தப்பு இல்ல" என்றாள். தப்பு இல்லையென்றால்? என்ன தப்பு? எதில் தப்பு? "சும்மாதாண்ணா கேட்டேன்" என்று டீயை உறிஞ்சினாள்.

பதினொன்றேகாலுக்கு எழுந்தாள். பானட்டில் கையை வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், தமீமிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சாவியை நீட்டும்போதுதான் வலது கையில் கசக்கி வைத்திருந்த கைக்குட்டையைப் பார்த்தேன், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு, பிசுபிசுவென்று. சைலன்சர் வாயைத் துடைத்த கறுப்பு. நல்ல வண்டி என்றால் உலர்ந்த கரியாக உதிரும், இது ஆயில் எரிந்து ஒட்டியது, பட்டறையில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்... வந்தவுடன் சுற்றி வந்தாளே, அப்போதே பார்த்துவிட்டாள். அப்படியென்றால் இந்த இரண்டு மணி நேரம் எதற்கு உட்கார்ந்திருந்தாள்? நான் சொல்வேன் என்றா? "அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றாள் மெதுவாக, "நீங்களே போய் ஸ்டார்ட் பண்ணுங்க."

தமீம் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து டிரைவர் சீட்டைத் தட்டினான், "குந்து மாமு." குந்தினேன். சொல்லிவிடு, ஒரு வரிதான், டர்போ போயிட்சுடா, வாங்காதே, மூன்று வார்த்தை, கண்ணாடியைச் சரிசெய்தேன். கண்ணாடியில் பின்னால் குடோனின் வெள்ளைச் சுவர், எதுவாக இருந்தாலும் அதில் பளிச்சென்று தெரியும். வராதே வராதே என்று இரண்டு மணி நேரம் வேண்டிக்கொண்டிருந்தவன் இப்போது அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரட்டும் வரட்டும் என்கிறேன், கெட்டியாக வரட்டும், தெருவே மறையட்டும், தமீம் தன் கண்ணாலேயே பார்க்கட்டும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது... "இன்னா மாமு, யோசிச்சினு கீற?" சாவியைப் போட்டுவிட்டேன், இன்னும் திருகவில்லை, இவ்வளவு நேரமும் நான் பயந்தது புகைக்கு இல்லை, இவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதற்குத்தான் போலிருக்கிறது.