புள்ளிகளை வீணாக்குபவர்கள்

என்ன படிப்பது என்பதை மூளையை மட்டுமே கொண்டு தீர்மானித்த முதல் அயர்லாந்துக்காரன் நான்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி விண்ணப்பத்தில் பத்துப் படிப்புகளை வரிசையாகப் போட வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் அத்தோடு போச்சு. ஜூலை ஒன்று, மாலை ஐந்து மணிவரை வரிசையை மாற்றலாம். என் முதல் வரியில் டப்ளின், நிதிக் கணினியியல்: பள்ளி இறுதித் தேர்வில் ஐந்நூற்றுத் தொண்ணூறு புள்ளி வேண்டும். எனக்கு அறுநூறு வரும். விடைத்தாள் திருத்துபவர்களுக்குத்தான் அது இன்னும் தெரியாது. இரண்டாவது வரியில் ஸ்லைகோ, மின்னணுக் கணினியியல். சால்டர் புகையை முகர்ந்துகொண்டு சர்க்யூட் போர்டோடு மல்லுக்கட்டும் படிப்பு. முந்நூற்று நாற்பது புள்ளி போதும்.

அப்பாவும் அம்மாவும் கட்டாயப்படுத்தியிருந்தால் எதிர்த்திருப்பேன். பாவிகள், பிடித்ததைப் படி என்று சுதந்திரம் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் அதையே எதிர்க்க வேண்டியதாயிற்று. வழிகாட்டி ஆசிரியர் ஹெனகனும் மனசுக்குப் பிடித்ததை மேலே போடச் சொன்னார்.

"புள்ளி என்னோடது சார். மனசையெல்லாம் ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன்.

என் வகுப்பிலேயே படித்த சித்தப்பா மகள் முரின், என்னைவிட நன்றாகப் படிப்பவள், ஸ்லைகோவை முதல் வரியில் போட்டிருந்தாள். குறைந்தது இருநூற்று அறுபது புள்ளி வீண். டிராக்டரை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகிறவள் என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை, கால்பந்து மைதானத்திலிருந்து அழைத்தார்கள். நான் செய்து கொடுத்த மின் ஸ்கோர்போர்டு, வெளியூர் அணியின் எட்டை ஆறாகக் காட்டுகிறதாம். உள்ளூரில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, புகார் வெளியூர்க்காரர்களுடையது. பத்து மணிக்குப் பலகையைக் கழற்றினேன். பத்தரைக்கு எட்டு எட்டாகிவிட்டது. பிறகு, சும்மா, பலகையிலிருந்த கடிகாரத்தையும் பிரித்தேன்.

முரின் சாண்ட்விச்சோடு வந்து நின்றாள்.

"மதியம் சாப்டியாடா?"

"இன்னும் மதியமே ஆகலையே."

"மணி நாலேகால்." பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆமா, உன் டப்ளின் படிப்புல மொத வருஷம் என்ன சொல்லித் தர்றாங்க?"

மூன்றாம் ஆண்டிலேயே வேலை காத்திருக்கும் என்றேன்.

"வேலையைக் கேக்கல. பாடத்தைக் கேட்டேன்."

"தெரியாத பாடத்தைச் சொல்லிக் குடுக்கத்தான்டி காலேஜு."

அவள் சிரித்து, எனக்காகக் கொண்டுவந்த சாண்ட்விச்சில் பாதியைத் தின்றுவிட்டுப் போனாள்.

போனைத் திறந்தேன். வேலைவாய்ப்புப் பக்கத்தை நாற்பது தடவை படித்திருக்கிறேன். பாடப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். காப்பீட்டுக் கணிதம், ஒன்று. காப்பீட்டுக் கணிதம், இரண்டு. மூன்றாவதைப் படிப்பதற்குள் கை தானாகவே சால்டரிங் ராடைத் தேடிப் போயிருந்தது.

நாலு ஐம்பத்திரண்டு. உடை மாற்றும் அறைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும், வேறு காரணம் எதுவும் இல்லை. இரண்டாவது வரியை விரலால் மேலே இழுத்தேன். முதலாவது தானாகவே கீழே இறங்கியது, நான் இறக்கவில்லை.

நிச்சயமாக மாற்ற வேண்டுமா என்று போன் கேட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஆம் என்று அழுத்தினேன்.