இரண்டாவது பிரதி

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. அன்று ஐந்து மணிக்குள் ஒன்று போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கெடு தாண்டிவிட்டேன். இன்னொரு முறை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு, என்று மருத்துவர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சாமான் வாங்குவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேஜையில் நேரம் போகப் போகச் சிவப்பு வட்டம் சுருங்கும் கடிகாரம், சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள், அலமாரியில் ஆறு புத்தகங்கள். ஒன்றிலும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

மூன்று மணிக்குப் பார்சல் வந்தது. என் கணவர் பிரித்தார்.

"இது நம்மகிட்ட இருக்கே?"

பார்த்தேன். மறதியைச் சமாளிப்பது பற்றிய அதே புத்தகம். மானமே போயிற்று.

"திருப்பி அனுப்பிடுங்க. தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் என்ன சொன்னேன்? நீ வேலையப் பாரு."

நின்றபடியே புரட்டினார். கொஞ்ச நேரத்தில் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் என் மேஜைப் பக்கம் வந்ததெல்லாம் "முடிஞ்சுதா?" என்று கேட்கத்தான். அன்று அதைக் கேட்கவில்லை. பக்கம் புரளும் சத்தம் மட்டும். நான் எழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார்; உட்கார்ந்துவிடுவேன். எரிச்சலாக இருந்தது. ஆனால் எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்ற பகுதி முடிந்தது, பக்கவிளைவுகளும் முடிந்தன. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியே விட்டேன்.

"போயாச்சு!" என்று கத்தினேன்.

"ஃபைல வெச்சியா?"

வைக்கவில்லை. வணக்கமும் நன்றியும் மட்டும் போயிருந்தன. ஃபைலைச் சேர்த்து மறுபடி அனுப்பியபோது நான்கு ஐம்பத்தெட்டு. கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

"எப்படிங்க தோணுச்சு?"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். உன்ன மாதிரி ஆளுங்க முடிச்ச சந்தோஷத்துல கடைசி வேலைய விட்டுடுவாங்களாம். பக்கத்துல ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே வேலை ஓடும்னு முப்பத்தெட்டுல போட்டிருக்கு. நீ முப்பதுலயே, எட்டு பக்கம் முன்னாடி எறங்கிட்ட."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றதையெல்லாம் நீ மறக்கும்போது, என்மேல அக்கறை இல்லன்னு நெனச்சேன். இத்தன வருஷமும்."

"இல்லைங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. நன்றாக அழுதேன்.

அவர் பார்சல் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு என் பேனாவை எடுத்து, அந்த இரண்டாவது பிரதியின் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.